டானிக் வாங்கும் முன் முதுகைத் தொட்டுப் பாருங்கள்
(ஆட்டுப் பட்டி: வாசகர் கேள்விகளுக்கு ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவரின் பதில்கள்)

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே புலம்பல்தான்: ஆடு சினை நிற்க மாட்டேன் என்கிறது. ஊசி இருக்கிறதா, டானிக் இருக்கிறதா என்று எல்லாரும் கேட்கிறார்கள். தீனியைப் பற்றி ஒரு வரிக்கு மேல் எழுதியவர் யாரும் இல்லை. அதனால் கொட்டகை அமைப்பது, கடன் வாங்குவது போன்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இதையே எடுத்துக்கொள்கிறேன்.

என்னிடம் கன்னி இன வெள்ளாடுகள் 28 உள்ளன. கிடா நன்றாகத்தான் ஏறுகிறது. ஆனால் மூன்று வாரம் கழித்துப் பாதி ஆடுகள் திரும்பவும் கிடாவைத் தேடுகின்றன. சினை பிடிக்க என்ன ஊசி போடலாம்? மேய்ச்சல் மட்டும்தான், கையால் எதுவும் போடுவதில்லை.
– வாசகர், விளாத்திகுளம்

தம்பி, கடைசி வரியை முதலில் எழுதியிருந்தால் கேள்வியே தேவைப்பட்டிருக்காது. ஊசி இருக்கிறது. எலும்பும் தோலுமாக நிற்கிற ஆட்டுக்கு அதைப் போட்டால் காசுதான் வீண்.

வெள்ளாட்டுக்குச் சினைப்பருவம் சுமார் 21 நாளுக்கு ஒருமுறை வரும். மூன்று வாரத்தில் திரும்பி வருகிறது என்றால் சுழற்சி ஓடுகிறது, ஆனால் கரு தங்கவில்லை. ஒன்று கிடாவில் கோளாறு. இல்லையென்றால் ஆட்டின் உடம்பில் சத்து இல்லை. எல்லா ஆடும் திரும்பினால் நான் முதலில் கிடாவைச் சந்தேகப்படுவேன். பாதி நின்று பாதி திரும்புகிறது என்பதால் உங்கள் விஷயத்தில் தீனிதான் முதல் சந்தேகம்.

இன்று சாயங்காலம் பட்டி அடையும்போது ஒவ்வொரு ஆடாகப் பிடித்து, கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே முதுகில் கையை வையுங்கள். நடுவில் ஓடும் தண்டெலும்பின் முனைகளும், இரண்டு பக்கமும் படுக்கையாக நீண்டிருக்கும் எலும்பு நுனிகளும் விரலுக்குத் தட்டுப்படும். இப்போது உங்கள் ஒரு கையை இறுக்க மூடி, அதன் முட்டிகளைத் தடவிப் பாருங்கள். ஆட்டின் முதுகும் அப்படி மேடு பள்ளமாகக் குத்தினால் ஆடு மெலிவு. அதே கையை விரித்து நீட்டி, புறங்கை முட்டிகளைத் தடவுங்கள்: எலும்பு இருப்பது தெரியும், ஆனால் குத்தாது. கிடா சேர்க்க அதுதான் ஏற்ற உடம்பு. உள்ளங்கையில் பெருவிரலுக்குக் கீழே இருக்கிற சதைபோல மெத்தென்று இருந்தால் கொழுப்பு ஏறிவிட்டது. நாங்கள் இதை 1 முதல் 5 வரை மதிப்பெண்ணாக எழுதுவோம். 3-ஐ ஒட்டி இருந்தால் நல்லது. வெள்ளாடு கொழுப்பை முதுகைவிட வயிற்றுக்குள்தான் அதிகம் சேர்க்கும். அதனால் முன்னங்கால்களுக்கு நடுவே நெஞ்செலும்பையும் ஒரு தடவு தடவிவிடுங்கள். கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள். மயிர் அடர்ந்த ஆடும் வயிறு தொங்குகிற ஆடும் நன்றாக ஏமாற்றும்.

மெலிந்தவற்றைத் தனியாகப் பிரியுங்கள். கீழ் இமையை இழுத்துப் பாருங்கள். வெளுத்திருந்தால் இரத்தம் குடிக்கிற குடற்புழு இருக்கிறது. முதலில் புழுநீக்கம், அப்புறம்தான் தீனி. புழுவோடு தீனி போட்டால் புழுவுக்குத்தான் விருந்து. ஒரு எச்சரிக்கை: கிடா சேர்த்து முதல் ஒரு மாதத்துக்குள் அல்பெண்டசோல் என்ற புழு மருந்தைக் கொடுக்கக் கூடாது. கருவில் ஊனம் வரும். அதனால் புழுநீக்கத்தைக் கிடா விடுவதற்கு முன்பே முடித்துவிடுங்கள்.

கிடா விடுவதற்கு மூன்று வாரம் முன்னால் கைத்தீனியை ஆரம்பியுங்கள். கம்பு அல்லது மக்காச்சோளக் குருணை இரண்டு பங்கு, கடலைப் புண்ணாக்கு ஒரு பங்கு, தவிடு ஒரு பங்கு, கொஞ்சம் உப்பு, தாது உப்புக் கலவை. ஆட்டுக்கு ஒரு நாளைக்கு 200 முதல் 250 கிராம் போதும். முதல் நாளே கால் கிலோ தானியத்தைக் கொட்டினால் வயிற்றில் அமிலம் ஏறி ஆடு படுத்துவிடும். 50 கிராமில் தொடங்கி ஒரு வாரத்தில் ஏற்றுங்கள். பூசணம் பிடித்த புண்ணாக்கு விலை குறைவாகக் கிடைக்கிறது என்று வாங்கவே கூடாது.

உடம்புக்குச் சத்து வரத்து ஏறுகிறது என்று தெரிந்ததும் ஆட்டின் சூலகம் அதிக முட்டைகளை விடும். கன்னி ஆடு சாதாரணமாகவே இரட்டைக் குட்டி போடும் இனம் என்பதால் இந்த மூன்று வாரத் தீனி உங்களுக்கு நன்றாகவே திரும்பி வரும். ஏற்கெனவே கொழுத்த ஆட்டுக்கு இதைப் போட்டு ஒரு பயனும் இல்லை. 28-லும் பாதிதான் மெலிவு என்று வைத்துக்கொண்டால் 14 ஆட்டுக்கு நாளுக்கு மூன்றரைக் கிலோ. கிடா விடுவதற்கு முன் மூன்று வாரம், பின் மூன்று வாரம், ஆக 42 நாளைக்கு 147 கிலோ. ஐம்பது கிலோ மூட்டை மூன்று. புண்ணாக்கு விலையைக் கேட்டால் நமக்கே மயக்கம் வருகிறது, தெரியும். சித்திரை, வைகாசியில் நாட்டுக் கருவேல நெற்றைப் பொறுக்கிக் காயவைத்திருந்தால் தானியத்தில் ஒரு பகுதியை அதைக் கொண்டு குறைக்கலாம். குடைவேல் நெற்றும் ஆகும்.

பின் மூன்று வாரம் என்று சொன்னதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். கிடா ஏறியாயிற்று, வேலை முடிந்தது என்று தீனியை நிறுத்திவிடுவார்கள். முதல் மூன்று நான்கு வாரம் கரு இன்னும் கருப்பையில் பிடிப்பாக ஒட்டியிருக்காது. அந்த நாட்களில் பட்டினி, வேனில் ஏற்றி அலைக்கழிப்பது, நாய் துரத்துவது, நாள் முழுக்க வெயிலில் நடத்துவது எல்லாம் கருவைக் கலைக்கும். வெளியே ஒன்றும் தெரியாது. ஆடு மறுபடி கிடாவைத் தேடும், நீங்கள் எனக்குக் கடிதம் எழுதுவீர்கள்.

நான்கு வருடமாக ஒரே கிடாதான். 60 செம்மறிக்கும் அது ஒன்றே போதும் என்கிற மாதிரி சூரன். இந்த வருடம் குட்டி குறைந்துவிட்டது, பிறந்ததும் சோடை. மாற்ற மனசு வரவில்லை.
– வாசகர், கயத்தாறு

மனசு வராதுதான் அண்ணாச்சி. ஆனால் இந்த நான்கு வருடத்தில் பட்டியில் நிற்கிற மறிகளில் (இளம் பெட்டைகளில்) எத்தனை அதன் மகள்கள், எத்தனை அதன் பேத்திகள் என்று எண்ணிப் பாருங்கள். சோடைக் குட்டிக்குக் காரணம் அங்கேயே கிடக்கிறது. மகள்கள் சினைக்கு வரும் வயது ஆவதற்குள், அதாவது இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, கிடாவை மாற்ற வேண்டும். பக்கத்து ஊர்க்காரரிடம் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் அவரும் உங்களிடம் வாங்கிய வம்சத்தையே வைத்திருக்கிறாரா என்று கேட்டுவிட்டு மாற்றுங்கள். ஊர் ஊராக ஒரே இரத்தம் ஓடுவதை நம் பக்கத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஒரு வளர்ந்த கிடாவுக்கு 25 முதல் 30 பெட்டை. முதல் வருடக் கிடாவுக்கு அதிலும் பாதி. 60-க்கு ஒன்று என்றால், ஒரே நாளில் நாலைந்து ஆடு பருவத்துக்கு வரும்போது பிடித்தமான ஆட்டையே சுற்றிக்கொண்டு மற்றதை விட்டுவிடும்.

ஏறுகிறது என்பதற்கும் சினைப்படுத்துகிறது என்பதற்கும் சம்பந்தம் இல்லை. கிடாவின் விரையில் விந்தணு உருவாகச் சுமார் 49 நாள் ஆகும். அது முதிர்ந்து வெளியே வர இன்னும் பத்துப் பதினைந்து நாள். அதாவது இன்று ஏறுகிற கிடாவின் சரக்கு இரண்டு மாதத்துக்கு முன்னால் தயாரானது. அப்போது காய்ச்சலில் கிடந்ததா, தகரக் கொட்டகைக்கு அடியில் வெந்ததா, பட்டினி கிடந்ததா? ஆசை குறையாமல் ஏறும், ஆனால் பெட்டை நிற்காது. அதனால் கிடாவுக்குக் கைத்தீனியை இரண்டு மாதம் முன்னதாகத் தொடங்க வேண்டும், 300 கிராம் அளவில். நம் பக்கத்தில் பருத்திக்கொட்டை சல்லிசாகக் கிடைக்கிறது என்று பொலிகிடாவுக்கு அள்ளிப் போடுவார்கள். அதில் உள்ள காசிபோல் என்ற நஞ்சு விந்தணுவைக் கெடுக்கும். பொலிகிடாவுக்கு அது வேண்டாம். மதிய நேரத்தில் புளி, வேம்பு நிழலில் கட்டுங்கள். பெட்டைகளோடு விடுவது காலையும் மாலையும்.

கிடா வாங்கப் போகிறவர்கள் கொம்பையும் நிறத்தையும் பார்த்து விலை பேசுகிறார்கள். பின்னால் உட்கார்ந்து இரண்டு விரையையும் கையில் பிடித்துப் பாருங்கள். இரண்டும் ஒரே அளவாக, கெட்டியாக, பைக்குள் தாராளமாக அசைய வேண்டும். கொழகொழ என்று இருந்தாலும், ஒன்று சிறுத்திருந்தாலும், கீழ்ப்பக்கம் கட்டி தட்டுப்பட்டாலும், ஒன்று இறங்காமலே இருந்தாலும் எவ்வளவு அழகான கிடாவானாலும் வேண்டாம். பின்னங்கால் குளம்பையும் பாருங்கள். பின்னங்கால் வலிக்கிற கிடா ஏறவே ஏறாது. விலை உயர்ந்த கிடாவில் சந்தேகம் இருந்தால் திருநெல்வேலி ராமையன்பட்டியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

செம்மறி எப்போது பருவத்துக்கு வருகிறது என்றே தெரியவில்லை. வெள்ளாடு கத்துகிறது, வாலை ஆட்டுகிறது. இது சும்மா நிற்கிறது.
– வாசகர், புதூர்

சும்மாதான் நிற்கும். செம்மறியின் பருவம் நமக்குத் தெரியாது, கிடாவுக்குத்தான் தெரியும். 17 நாளுக்கு ஒருமுறை வந்து, ஒரு நாள் ஒன்றரை நாளில் போய்விடும். அதனால் கிடாவையே கணக்கெழுத வைக்க வேண்டும்.

காவிப்பொடியை ஏதாவது எண்ணெயில் சந்தனப் பதத்துக்குக் குழைத்து, கிடாவின் நெஞ்சில், முன்னங்கால்களுக்கு நடுவே அப்புங்கள். இரண்டு நாளுக்கு ஒருமுறை மறுபடி பூச வேண்டும். அது ஏறிய ஆட்டின் பின்முதுகில் சிவப்பு ஒட்டியிருக்கும். காலையில் பட்டி திறக்கும்போது எந்த ஆட்டில் சிவப்பு என்று நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். 17-ஆம் நாள் நிறத்தை மாற்றுங்கள், காவிக்குப் பதில் நீலப்பொடி. சிவப்பு விழுந்து, இரண்டாவது சுற்றில் நீலம் விழாத ஆடு சினை நின்றிருக்க வாய்ப்பு அதிகம். சிவப்பின் மேல் நீலம் விழுந்தது திரும்பிய ஆடு. எல்லா ஆட்டிலும் நீலம் விழுகிறதா? கிடாவை மாற்றுங்கள். இரண்டு நிறமும் விழாத ஆடு பருவத்துக்கே வரவில்லை. அதன் முதுகைத் தொட்டுப் பாருங்கள். ஒரு கிலோ காவியில் இத்தனையும் தெரிந்துவிடும். குட்டி போடும் தேதியும் கையில் இருக்கும்: சிவப்பு விழுந்த நாளிலிருந்து சுமார் 150 நாள்.

இன்னொன்று. கிடா வருடம் முழுக்கப் பட்டிக்குள்ளேயே சுற்றினால் பெட்டைகளுக்கு அது பழகிவிடும். ஒரு மாதம் கண்ணிலும் மூக்கிலும் படாமல் தள்ளிக் கட்டிவைத்துத் திடீரென்று விட்டால், அடங்கிக் கிடந்த பெட்டைகளும் பருவத்துக்கு வரும். அதன் வாடைக்குத்தான் அந்த வேலை. முதலில் வெளியே தெரியாத ஒரு சுற்று போய், கிடா விட்ட மூன்றாவது நான்காவது வாரத்தில் கூட்டமாக வரும். குட்டிகளும் கூட்டமாகப் பிறக்கும், பராமரிக்க வசதி. இரண்டு சுற்று முடிந்ததும், செம்மறியில் 35 நாள், வெள்ளாட்டில் 42 நாள், கிடாவைப் பிரித்துவிடுங்கள். தனியாகக் கட்ட இடம் இல்லாதவர்கள், ஏற முடியாதபடி கிடாவின் வயிற்றின் கீழ் சாக்குத் துணியைக் கட்டிவிடலாம். தினமும் அவிழ்த்துப் பார்த்துச் சுத்தம் செய்யாவிட்டால் புண் வரும்.

எந்த மாதத்தில் கிடா விடுவது? இரண்டு வருடத்தில் மூன்று ஈற்று எடுக்கலாம் என்கிறார்களே?
– வாசகி, எட்டயபுரம்

கரிசல் காட்டில் நான் ஆவணியைச் சொல்வேன். ஆவணி நடுவில் சேர்த்தால் தை நடுவில் குட்டி. மழை ஓய்ந்திருக்கும், உளுந்து, பாசி, கம்பு, சோளம் என்று அறுத்த தாள்காடு தாய்க்குக் கிடைக்கும், பாலும் ஊறும். ஆனியில் விட்டால் கார்த்திகையில், சேறும் சகதியுமான பட்டியில் குட்டி விழும். காடெல்லாம் பயிர் நிற்கும், மேய்க்க இடம் இருக்காது. குட்டிக்குச் சளி பிடித்து நிமோனியாவில் போகும். ஆவணிக்கு ஒரே சங்கடம், அதற்கு முந்தைய ஆடியில் காடு வறண்டு கிடக்கும். முதல் பதிலில் சொன்ன மூன்று மூட்டை அதற்குத்தான்.

மூன்று ஈற்று கணக்குச் சரிதான்: சினை ஐந்து மாதம், பால் கொடுத்துத் தேற மூன்று மாதம், ஆக எட்டு. தீவனப் பயிர் வைத்து, கையிலும் போடுகிறவர்களுக்கு அது ஆகும். மேய்ச்சலை மட்டும் நம்பியிருக்கிறவர்கள் வருடத்துக்கு ஒரு நல்ல ஈற்று எடுப்பதே லாபம். பால் வற்றிய தாயின் மூன்றாவது ஈற்றுக் குட்டியைச் சந்தையில் யார் கேட்கிறார்கள்? முதல் ஈற்று மறிகளையும் அவசரப்பட்டுக் கிடாவிடம் விடாதீர்கள். தாயின் எடையில் மூன்றில் இரண்டு பங்காவது வரட்டும். தாய் 30 கிலோ என்றால் மறி 20.

சினை ஆட்டுக்குக் கடைசியில் தீனி கூட்டினால் குட்டி பெருத்துப் போட முடியாமல் போகும் என்று என் மாமியார் தவிட்டைக்கூட நிறுத்திவிட்டார். போன வருடம் இரண்டு ஆடுகள் குட்டி போடும் முன்பே படுத்துச் செத்தன.
– வாசகி, கழுகுமலை

அம்மா, மாமியாரிடம் சண்டை போடாதீர்கள், அவர் சொல்வதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. முன்பே கொழுத்த ஆடு, வயிற்றில் ஒற்றைக் குட்டி என்றால் சிரமப்படும். ஆனால் குட்டியின் எடையில் ஏறக்குறைய 70 சதவீதம் கடைசி ஆறு வாரத்தில்தான் வளர்கிறது. இரட்டை என்றால் அவை தாயின் குடலை நெருக்கும். அது ஒரே வேளையில் நிறையத் தின்ன முடியாது. அந்த நேரத்தில் தீனியையும் நிறுத்தினால் உடம்பு தன் கொழுப்பையே கரைக்கும், அதில் உண்டாகும் நஞ்சு இரத்தத்தில் ஏறும். ஆடு கூட்டத்தைவிட்டு ஒதுங்கி நிற்கும், தீனியை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும், கண் தெரியாததுபோல் சுவரில் போய் முட்டும், மூச்சில் ஒரு இனிப்பு வாடை அடிக்கும். அப்புறம் படுத்தால் எழுவதில்லை. உங்கள் இரண்டு ஆடுகளும் இப்படித்தான் போயிருக்கும் என்று நினைக்கிறேன். ஒதுங்கி நிற்கிற அன்றே மருத்துவரைக் கூப்பிட்டால் குளுக்கோஸ் ஏற்றிக் காப்பாற்ற முடியும். படுத்த பிறகு கடினம்.

கடைசி ஆறு வாரம் 200 முதல் 300 கிராம் கலப்புத் தீனி, ஒரே வேளையாகக் கொட்டாமல் காலை, மாலை என்று பிரித்து. வேலி மசால், அகத்தி, கடலைக்கொடி கிடைத்தால் சேர்த்துக்கொள்ளுங்கள். தூர மேய்ச்சலை நிறுத்துங்கள், ஆனால் தினமும் கொஞ்சம் நடக்கட்டும். குட்டி விழுந்ததும் தொப்புளை டிங்சர் அயோடினில் முக்குங்கள். ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் உள்ளே போக வேண்டும். இரண்டு கிலோ குட்டிக்கு முதல் இரண்டு மணி நேரத்தில் 100 மில்லி. நஞ்சுக்கொடி விழட்டும் என்று சீம்பாலைத் தள்ளிப்போடுகிற வழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. அதை மட்டும் மாமியாரிடம் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

நான்கு மாதச் சினையில் ஐந்து ஆடுகள் குட்டி வீசிவிட்டன. சூடு காரணமா?
– வாசகர், சாத்தூர்

ஒன்று என்றால் முட்டு, இடி, வெயில் என்று சொல்லலாம். ஐந்து என்றால் தொற்று என்றே வைத்துக்கொள்ளுங்கள். வீசிய குட்டியையும் நஞ்சுக்கொடியையும் வெறும் கையால் தொடாதீர்கள், கர்ப்பிணிகள் அந்தப் பக்கமே வரக் கூடாது. புருசெல்லா கிருமியாக இருந்தால் அது மனிதருக்கும் தொற்றும். மாதக்கணக்கில் காய்ச்சலும் மூட்டுவலியும் வரும். சுண்ணாம்பு போட்டு ஆழமாகப் புதையுங்கள். பச்சைப் பால் குடிக்காதீர்கள். உங்கள் கால்நடை மருத்துவர் மூலமாக மாவட்டக் கால்நடை நோய்ப் புலனாய்வுப் பிரிவுக்கு இரத்த மாதிரி அனுப்பச் சொல்லுங்கள். முடிவு வரும்வரை ஒரு ஆட்டையும் விற்காதீர்கள், வெளியிலிருந்து கிடா கொண்டுவராதீர்கள், உங்கள் கிடாவையும் யாருக்கும் கொடுக்காதீர்கள். ஆட்டுக்கொல்லி நோய்க்கும் துள்ளுமாரிக்கும் தடுப்பூசி போட்டிருக்கிறதா என்பதையும் அவரிடம் சொல்லுங்கள். ஆட்டுக்கொல்லியிலும் குட்டி வீசும்.

மாட்டுக்கு வாங்கிய தாது உப்பையே செம்மறிக்கும் போடலாமா? சவுண்டல் (சூபாபுல்) தழை எவ்வளவு போடலாம்?
– வாசகர், கடம்பூர்

மாட்டுக் கலவை செம்மறிக்கு வேண்டாம். அதில் தாமிரம் அதிகம்; செம்மறியின் ஈரலில் அது சேர்ந்துகொண்டே போய், ஒருநாள் கண் மஞ்சளாகி, மூத்திரம் காப்பி நிறத்தில் போய் ஆடு விழும். வெள்ளாடு கொஞ்சம் தாங்கும், செம்மறி தாங்காது. ஆட்டுக்கென்று விற்கிற கலவையோ நக்குக் கட்டியோ வாங்கிப் பட்டியில் தொங்கவிடுங்கள். சவுண்டல் நல்ல தழைதான், ஆனால் மொத்தத் தழையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது. அதில் மைமோசின் இருக்கிறது. மயிர் கொட்டும், பருவமும் தவறும். மற்ற இரண்டு பங்குக்கு வேம்பு, அகத்தி, கிளிரிசிடியா, வேலி மசால் எது கையில் இருக்கிறதோ அது.